மேஜையில் கிடந்த நியமன ஆணை

எந்த நாட்டுச் சட்டக் கல்லூரியாக இருந்தாலும், அரசியலமைப்பு வகுப்பில் என்றாவது ஒரு நாள் பேராசிரியர் குரலைக் கனமாக்கிக்கொண்டு ஒரு வழக்கின் பெயரைச் சொல்வார்: மார்பரி எதிர் மேடிசன், 1803. நாடாளுமன்றம் போட்ட சட்டத்தையே செல்லாது என்று தள்ளிவிடும் அதிகாரம் தனக்கு உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அறிவித்த வழக்கு. மாணவர்கள் பயபக்தியோடு அடிக்கோடு போடுவார்கள்.

நேரமில்லை என்று பேராசிரியர் விட்டுவிடுகிற பகுதி இது. ஓர் அமைச்சர், கொடுக்க வேண்டிய சில கவர்களைக் கொடுக்காமல் விட்டுவிட்டார். அதனால் வழக்கு வந்தது. வழக்கை விசாரித்த தலைமை நீதிபதி, கவரைக் கொடுக்காமல் விட்ட அதே அமைச்சர். முக்கியமான வாக்குமூலம் தந்தவர் அவருடைய கூடப்பிறந்த தம்பி. எதிர்த்தரப்பு ஒரு வக்கீலைக்கூட அனுப்பவில்லை. ஒரு நீதிபதிக்குக் கீல்வாதம் என்பதால் தீர்ப்பை ஓட்டல் கூடத்தில் வைத்து வாசித்தார்கள். வழக்குப் போட்டவரிடம், நியாயம் உங்கள் பக்கம்தான், போய் வாருங்கள் என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்பினார்கள். நம்மூர் முன்சீப் கோர்ட்டில் இப்படி ஒன்று நடந்திருந்தால் அப்பீலில் அரைமணி நேரம் தாங்காது.

ஆனாலும் நீதிமன்றங்களின் அதிகாரம் பற்றிப் பேசுகிற எல்லோரும் இந்தக் கூத்தின் வாசலில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. எனவே கூத்தை முதலிலிருந்தே பார்ப்போம்.

யாருக்கும் வேண்டாத நாற்காலி

1787ல் பிலடெல்பியாவில் கூடி அரசியலமைப்பை எழுதியவர்கள் அதிகாரத்தை மூன்றாகப் பங்கு பிரித்தார்கள். அங்கே காங்கிரஸ் என்பது கட்சியல்ல, நாடாளுமன்றம். அதன் கையில் பணப்பை. அதிபரின் கையில் படை. நீதிமன்றத்தின் கையில்? இரண்டும் கிடையாது, வெறும் தீர்ப்பு சொல்லும் வாய் மட்டும்தான், அதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம் என்று அலெக்சாண்டர் ஹாமில்டன் கட்டுரை எழுதி மக்களைச் சமாதானப்படுத்தினார். மக்கள் சமாதானமானார்கள். நீதிபதிகள்தான் ஆகவில்லை.

உச்ச நீதிமன்றம் முதன்முதலாக நியூயார்க்கில் கூடியது 1790 பிப்ரவரி 1ஆம் தேதி. ஆறு நீதிபதிகளில் மூன்று பேர்தான் வந்திருந்தார்கள், கோரம் இல்லை. மறுநாள் இன்னொருவர் வந்து சேர, கோரம் கிடைத்தது. விசாரிக்க வழக்குத்தான் கிடைக்கவில்லை. மற்ற மாதங்களில் நீதிபதிகள் வட்டாரம் வட்டாரமாகப் போய் வழக்குக் கேட்க வேண்டும். ரயில் பிறக்காத காலம். சேற்றிலும் பனியிலும் குதிரையிலும் கோச்சு வண்டியிலும் போய், கிடைத்த சத்திரத்தில் முன்பின் தெரியாதவர்களோடு படுத்து எழுந்து நீதி வழங்க வேண்டும்.

ஜான் ரட்லெட்ஜ் என்ற நீதிபதி 1791லேயே ராஜினாமா செய்துவிட்டு, சொந்த மாநிலமான தென் கரோலினாவின் நீதிமன்றத்துக்குத் தலைமை தாங்கப் போய்விட்டார். உச்ச நீதிமன்றத்தைவிட உள்ளூர் நீதிமன்றம் மேல்! முதல் தலைமை நீதிபதி ஜான் ஜே, பதவியில் இருந்தபடியே இங்கிலாந்துக்குத் தூது போனார். திரும்பி வந்ததும் நியூயார்க் ஆளுநர் பதவி காத்திருந்தது. தலைமை நீதிபதி நாற்காலியை உதறிவிட்டு அதில் போய் உட்கார்ந்தார்.

புதிய தலைநகரமான வாஷிங்டனைக் கட்டியபோது அதிபருக்கு மாளிகை கட்டினார்கள், காங்கிரசுக்குக் கேப்பிட்டல் கட்டினார்கள். மூன்றாவதாக ஒருவர் இருக்கிறாரே என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. கடைசி நேரத்தில், பாதி கட்டியிருந்த கேப்பிட்டலின் கீழ்த்தளத்தில் கமிட்டி அறை ஒன்றை ஒதுக்கினார்கள். உச்ச நீதிமன்றத்துக்குச் சொந்தக் கட்டடம் வந்தது 1935ல்.

போகிற போக்கில் நியமனம்

1800ஆம் ஆண்டுத் தேர்தலில் ஃபெடரலிஸ்ட் கட்சியின் அதிபர் ஜான் ஆடம்ஸ் தோற்றார். ஜெயித்தது யார் என்பதில் குழப்பம். எதிர்க்கட்சியின் தாமஸ் ஜெஃபர்சனுக்கும், அவரோடு துணை அதிபராக வருவதற்காக நின்ற ஆரன் பர்ருக்கும் தலைக்கு 73 வாக்குகள். துணைக்கு வந்தவர், சமமாக வந்துவிட்டேனே, நானே அதிபரானால் என்ன என்று வாயைத் திறக்காமல் உட்கார்ந்துகொண்டார். பிரதிநிதிகள் சபை 36 முறை வாக்கெடுத்து, 1801 பிப்ரவரி 17ஆம் தேதி ஒருவழியாக ஜெஃபர்சனைத் தேர்ந்தெடுத்தது. பதவியேற்பு மார்ச் 4.

தோற்றவர்களுக்கு அதுவரை நேரமிருந்தது. வீட்டைக் காலி செய்கிற குடித்தனக்காரர் பல்பைக் கழற்றிக்கொண்டு போவார். ஆடம்ஸ் ஒருபடி மேலே போய் உறவுக்காரர்களை உள்ளே உட்காரவைத்துவிட்டுப் போனார். பிப்ரவரி 13ஆம் தேதி புதிய நீதித்துறைச் சட்டம் வந்தது. வட்டார நீதிமன்றங்களுக்கென்று புதிதாக 16 நீதிபதிகள், அத்தனையும் ஆயுள் பதவி, அத்தனை பேரும் நம்ம ஆட்கள். உச்ச நீதிமன்றத்தில் அடுத்து ஓர் இடம் காலியானால் அதை நிரப்பாமல் ஆறை ஐந்தாகக் குறைத்துவிட வேண்டும் என்று ஒரு விதி. ஜெஃபர்சன் ஆள் போட இடமே இருக்கக் கூடாதல்லவா? அது போதாதென்று தலைநகர வட்டாரத்துக்கு 42 சமாதான நீதவான்கள்.

தலைமை நீதிபதி நாற்காலியும் அதற்குச் சற்று முன் காலியாகியிருந்தது. அதிலிருந்த ஆலிவர் எல்ஸ்வொர்த், உடம்புக்கு முடியவில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டார். ஆடம்ஸ் பழைய ஜான் ஜேயை மறுபடி நியமித்தார். செனட்டும் ஒப்புதல் கொடுத்தது. ஜேயை மட்டும் யாரும் முன்கூட்டிக் கேட்டதாகத் தெரியவில்லை. தெம்பும் இல்லை, மதிப்பும் இல்லை, அந்த நீதிமன்றத்துக்கு நான் வரமாட்டேன் என்ற பொருளில் கடிதம் வந்தது. அந்தக் கடிதம் வந்த நேரத்தில் அதிபரின் அறையில் நின்றுகொண்டிருந்தவர் வெளியுறவு அமைச்சர் ஜான் மார்ஷல். இப்போது யாரைப் போடுவது என்று ஆடம்ஸ் கேட்க, மார்ஷலுக்கும் பதில் தெரியவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, உம்மையே போட்டுவிடுகிறேன் என்றாராம் ஆடம்ஸ். மார்ஷலே பின்னாளில் எழுதிவைத்த கதை இது. உலகின் மிகப் புகழ்பெற்ற நீதிபதி நியமனம், அந்த நேரத்தில் அறையில் நின்றிருந்தார் என்ற தகுதியில் நடந்தது.

பிப்ரவரி 4ஆம் தேதி மார்ஷல் தலைமை நீதிபதியாகப் பதவியேற்றார். வெளியுறவு அமைச்சர் பதவியை விட்டாரா என்றால் அதுவும் இல்லை. ஒரு மாதம் இரண்டு நாற்காலியிலும் அவரே. அதிகாரப் பிரிவினை என்ற கொள்கையைப் பின்னாளில் அரசியலமைப்பு வகுப்புகளுக்கு வாரி வழங்கிய மகானின் தொடக்கம் இப்படி.

பாரம் தாங்காத தம்பி

நீதவான்கள் 42 பேருக்கும் செனட் ஒப்புதல் கொடுத்தது மார்ச் 3ஆம் தேதி. அதாவது ஆடம்ஸின் கடைசி நாள். அதிபர் கையெழுத்துப் போட வேண்டும், அமைச்சர் மார்ஷல் அரசு முத்திரையைக் குத்த வேண்டும், பிறகு உரியவர்களிடம் ஆணையைச் சேர்க்க வேண்டும். முதலிரண்டும் நடந்தன. மூன்றாவதில்தான் சிக்கல். அலுவலக எழுத்தர் ஜேக்கப் வாக்னரை அதிபர் தன் சொந்த வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டுவிட்டார். ஆள் இல்லை.

மார்ஷலின் தம்பி ஜேம்ஸ் வந்தார். இவரும் புதிதாக முளைத்த தலைநகர நீதிமன்றத்தின் நீதிபதிகளில் ஒருவர். குடும்பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் யாரும் நிறுத்திக்கொள்ளவில்லை. அலெக்சாண்டிரியா ஊரில் அன்றிரவு கலாட்டா நடக்கலாம், நீதவான்கள் தேவைப்படலாம் என்று பேச்சு அடிபட்டதால், அந்த ஊர்க்காரர்களின் ஆணைகளைத் தானே கொண்டுபோவதாகச் சொல்லி ரசீதில் கையெழுத்துப் போட்டு வாங்கினார். எல்லாவற்றையும் வசதியாகத் தூக்க முடியவில்லை என்று தோன்றியதும், சிலவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ரசீதில் அந்தப் பெயர்களை மட்டும் பேனாவால் அடித்துவிட்டுக் கிளம்பினார். காகிதம்தான். கருங்கல் இல்லை.

மார்ச் 4 விடிவதற்கு முன்பே ஆடம்ஸ் கோச்சு வண்டி ஏறி ஊரைவிட்டுப் போய்விட்டார். பதவியேற்பைப் பார்க்க இருக்கவில்லை. ஜெஃபர்சனுக்குப் பிரமாணம் செய்துவைத்தவர் மார்ஷல். இருவருக்கும் ஒருவரையொருவர் கண்டால் ஆகாது. இத்தனைக்கும் இருவரும் வர்ஜீனியாவின் ராண்டால்ஃப் வம்சத்தில் தாய்வழிச் சொந்தம். மார்ஷல் வக்கீல் தொழில் செய்ய 1780ல் உரிமம் கொடுத்துக் கையெழுத்துப் போட்ட ஆளுநரும் இதே ஜெஃபர்சன்தான். தன் கையாலேயே வளர்த்த வினை.

புதிய அதிபர் வெளியுறவுத் துறை அலுவலகத்தில் பார்க்கும்போது, மேஜைமேல் ஆணைகள் கிடந்தன. கையெழுத்து இருக்கிறது, முத்திரை இருக்கிறது, கொடுக்க மட்டும் இல்லை. கொடுக்காதே என்றார் ஜெஃபர்சன். நீதவான்களின் எண்ணிக்கையை 30ஆகக் குறைத்தார். ஆடம்ஸின் பட்டியலில் இருந்தே பலரைத் திரும்பப் போட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். விடுபட்டவர்களில் ஒருவர் வில்லியம் மார்பரி.

அற்பக் காசு, பெரிய வீறாப்பு

மார்பரி ஜார்ஜ்டவுனில் வங்கி, நிலம் என்று செழிப்பாக இருந்தவர். அவர் கேட்ட பதவியோ ஐந்தாண்டுப் பதவி. சம்பளம் கிடையாது, வழக்குக்கு இவ்வளவு என்று கட்டணம். 20 டாலர் வரையிலான கொடுக்கல் வாங்கல் தகராறுதான் விசாரிக்கலாம். அதற்காக ஒரு முன்னாள் அட்டர்னி ஜெனரலை வக்கீலாக வைத்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். ஆசைப்பட்டது பதவிக்கு அல்ல, புதிய அதிபரின் காலை வாருவதற்கு என்பது ஊருக்கே தெரிந்திருந்தது. இன்னும் மூன்று பேர் கூடச் சேர்ந்துகொண்டார்கள்.

வக்கீல் சார்லஸ் லீ, ஆடம்ஸின் ஆட்சியில் அட்டர்னி ஜெனரலாக இருந்தவர். 1801 டிசம்பரில் அவர் மனு போட்டார்: ஆணையைக் கொடுக்கும்படி வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் மேடிசனுக்கு மாண்டமஸ் ரிட் பிறப்பிக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அந்த ஆணைகள் முடக்கப்பட்ட மார்ச் மாதத்தில் மேடிசன் வாஷிங்டனிலேயே இல்லை. மே மாதம்தான் வந்து பொறுப்பேற்றார். அதுவரை துறையைப் பார்த்துக்கொண்டவர் லெவி லிங்கன். சட்ட வரலாற்றில் மேடிசன் பெயர் நிலைத்தது, செய்யாத காரியத்துக்காக.

ஏன் கொடுக்கவில்லை என்று காரணம் சொல்லும்படி மேடிசனுக்கு மார்ஷல் நோட்டீஸ் அனுப்பினார். மேடிசன் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஆனால் ஜெஃபர்சனின் கட்சிக்காரர்கள் கண்டுகொண்டார்கள். 1802 மார்ச்சில் ஆடம்ஸ் காலத்து நீதித்துறைச் சட்டத்தையே ரத்து செய்தார்கள். 16 ஆயுள்கால நீதிபதிகளும் ஓராண்டு ஆயுளோடு வீட்டுக்குப் போனார்கள். ஜேம்ஸ் மார்ஷலின் தலைநகர நீதிமன்றம் வேறு சட்டத்தில் வந்தது என்பதால் தம்பி மட்டும் தப்பினார். இதை எதிர்த்து வழக்குப் போட்டால் உச்ச நீதிமன்றம் ஏதாவது உளறிவைக்குமே என்ற யோசனையில், ஏப்ரலில் இன்னொரு சட்டம்: நீதிமன்றத்தின் ஜூன், டிசம்பர் கூட்டத்தொடர்கள் ரத்து. அடுத்து கூட வேண்டியது 1803 பிப்ரவரியில். ஏறத்தாழ 14 மாதம் நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்குக் கட்டாய லீவு. பழையபடி குதிரை ஏறி வட்டாரம் சுற்றுங்கள் என்றும் உத்தரவு. மறுக்கலாமா என்று மார்ஷல் சக நீதிபதிகளுக்குக் கடிதம் எழுதிக் கேட்டுப் பார்த்தார். ஒருவர் வீராவேசமாகப் பதில் எழுதினாலும், கடைசியில் எல்லோரும் சேணத்தை மாட்டினார்கள்.

தெரியாது, ஞாபகமில்லை

1803 பிப்ரவரி 10ஆம் தேதி விசாரணை. மேடிசன் வரவில்லை, வக்கீலும் வரவில்லை. ஆணை என்று ஒன்று இருந்ததை நிரூபிக்க வேண்டியது மார்பரி தரப்பு. நியமனத்துக்கு ஒப்புதல் கொடுத்த பதிவேட்டின் நகலைக் கேட்டால் செனட் தர மறுத்துவிட்டது. அலுவலக எழுத்தர்கள் வாக்னரும் டேனியல் பிரென்ட்டும் கூண்டில் ஏறினார்கள். அரசு ரகசியம், சொல்லலாமா கூடாதா என்று இழுத்தார்கள். லெவி லிங்கன் இப்போது அட்டர்னி ஜெனரல். கேள்வியை எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதிக் கொடுத்தால், யோசிக்க நேரம் கொடுங்கள் என்றார். மறுநாள் வந்து, நிறைய ஆணைகளைப் பார்த்தேன், மார்பரியுடையதைப் பார்த்ததாக ஞாபகமில்லை என்றார். அவை என்ன ஆயின என்பதற்கு மட்டும் பதில் சொல்ல மாட்டேன் என்று நின்றார், நீதிமன்றமும் வற்புறுத்தவில்லை.

ஓர் அறைக்குள் இத்தனை பேர் இந்த ஒரு காகிதத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது, அதில் முத்திரை குத்திய ஆள் நடுநாயகமாக மேடையில் அங்கி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மார்ஷலைக் கூண்டில் ஏற்றி ஒரு கேள்வி கேட்டிருந்தால் வழக்கு பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். நீதிபதியைச் சாட்சியாகக் கூப்பிட யாருக்கும் துணிவில்லை. நானே ஒதுங்கிக்கொள்கிறேன் என்று சொல்ல அவருக்கும் தோன்றவில்லை. கடைசியில் தம்பி ஜேம்ஸ் பிரமாணப் பத்திரம் கொடுத்து, தான் தூக்க முடியாமல் திருப்பிக் கொடுத்த கதையைச் சொன்னார். அந்தச் சோம்பல் சாட்சியமாக மாறி நிரூபணத்துக்கு உதவியது.

தோற்கத் தெரிந்த மனிதர்

மார்ஷலின் நிலைமை உண்மையிலேயே இக்கட்டு. ஆணையைக் கொடு என்று உத்தரவிட்டால் மேடிசன் அதைக் கிழித்துப் போடுவார். பிடித்துவர நீதிமன்றத்திடம் ஒரு சிப்பாய் கிடையாது. நாடு முழுக்கச் சிரிக்கும். உத்தரவிட முடியாது என்று மனுவைத் தள்ளினால், அதிபருக்குப் பயந்து நடுங்கினார்கள் என்று ஆகும். அப்போதும் நாடு சிரிக்கும்.

பிப்ரவரி 24ஆம் தேதி தீர்ப்பு. நீதிபதி சாமுவேல் சேஸ் கீல்வாதத்தால் நகர முடியாமல் இருந்ததால், அவர் தங்கியிருந்த ஸ்டெல் ஓட்டலின் கூடத்துக்கு நீதிமன்றமே பெயர்ந்து வந்தது. ஆறு நீதிபதிகளில் இருவர் இந்த வழக்கில் இல்லை. நால்வர் சார்பிலும் மார்ஷல் ஒரே குரலில் வாசித்தார்.

மூன்று கேள்விகள். மார்பரிக்கு ஆணை பெறும் உரிமை உண்டா? உண்டு. கையெழுத்தும் முத்திரையும் விழுந்ததுமே நியமனம் முடிந்துவிட்டது. கையில் கொடுப்பது வெறும் சடங்கு. இந்த வாதம் எங்கோ கேட்டது போலிருக்கிறதே என்று தம்பி ஜேம்ஸ் யோசித்திருந்தால் அதில் வியப்பில்லை. இரண்டு ஆண்டுக்கு முன், 1801 மார்ச் 18ஆம் தேதி, ஏன் அவற்றை அனுப்பாமல் விட்டேன் என்று அண்ணன் அவருக்கு எழுதிய கடிதத்தில் இதே சமாதானம்தான் இருந்தது: அவசரம், வாக்னர் இல்லை, தவிர முத்திரை குத்தியாயிற்றே, போதும் என்று நினைத்தேன். அண்ணன் தம்பிக்குச் சொன்ன சாக்கு, அரசியலமைப்புச் சட்டமாகப் பதவி உயர்வு பெற்றது.

இரண்டாம் கேள்வி: உரிமை பறிபோனால் பரிகாரம் உண்டா? உண்டு. சட்டத்தின் ஆட்சியில் அமைச்சரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவரே. இங்கே ஜெஃபர்சனின் அரசுக்கு நீளமாக ஒரு பாடம் நடந்தது. ஃபெடரலிஸ்ட்காரர்கள் நாற்காலி நுனிக்கு வந்திருப்பார்கள்.

மூன்றாம் கேள்வி: அந்தப் பரிகாரத்தை இந்த நீதிமன்றம் தர முடியுமா? முடியாது!

காரணம் இது. 1789ஆம் ஆண்டு நீதித்துறைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, மாண்டமஸ் ரிட் பிறப்பிக்கும் அதிகாரத்தை உச்ச நீதிமன்றத்துக்குக் கொடுத்திருந்தது. ஆனால் அரசியலமைப்போ, வேறு நீதிமன்றம் போகாமல் நேராக உச்ச நீதிமன்றத்துக்கு வரக்கூடிய வழக்குகள் எவை என்று வரையறுத்திருக்கிறது: வெளிநாட்டுத் தூதர்கள் சம்பந்தப்பட்டவை, மாநிலங்கள் ஒரு தரப்பாக இருப்பவை. மார்பரி தூதரும் இல்லை, மாநிலமும் இல்லை, வெறும் ஜார்ஜ்டவுன்காரர். ஆகவே 13ஆம் பிரிவு அரசியலமைப்பு கொடுக்காததைக் கொடுக்கிறது. அரசியலமைப்போடு சட்டம் மோதினால் எது செல்லும்? அரசியலமைப்புத்தான். மோதுகிறதா என்று சொல்ல வேண்டியது யார்? நாங்கள்தான்.

வரம்பு உண்டா இல்லையா என்பதை எந்த நீதிபதியும் முதலில் பார்ப்பார். இல்லையென்றால் கோப்பை மூடிவிட்டுச் சாப்பிடப் போவார். மார்ஷல் கடைசியில் பார்த்தார். முதலில் பார்த்திருந்தால் பாடம் நடத்த முடியாதே. 13ஆம் பிரிவை அப்படித்தான் படித்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நேரடியாக வரும் வழக்குகளைப் பெருக்குவது அதன் நோக்கமே அல்ல என்று இன்றுவரை அறிஞர்கள் வாதிடுகிறார்கள். மோதல் இல்லாத இடத்தில் மோதலைக் கட்டிவைத்துத் தீர்த்தார் என்கிறார்கள். இதைவிட வேடிக்கை: அந்த 1789 சட்டத்தை எழுதிய முக்கியமான கைகளில் ஒன்று வில்லியம் பேட்டர்சனுடையது. அப்போது அவர் செனட்டர். இப்போது மார்ஷலுக்குப் பக்கத்தில் நீதிபதியாக உட்கார்ந்து, அந்தச் சட்டம் அரசியலமைப்புக்கு விரோதம் என்பதற்குத் தலையாட்டினார். இன்னொரு கை ஆலிவர் எல்ஸ்வொர்த், மார்ஷலுக்கு முன்பிருந்த தலைமை நீதிபதி.

அதிகார வரம்பில் மார்ஷல் இவ்வளவு கண்டிப்பானவரா என்று கேட்டால், அதற்கும் ஒரு கதை சொல்வார்கள். பின்னாளில் நீதிபதிகள் ஒரே விடுதியில் தங்கியபோது, மழை பெய்தால் மட்டுமே ஒயின் குடிப்பது என்று விரதம் எடுத்துக்கொண்டார்களாம். ஒருநாள் மார்ஷல் ஜன்னலைப் பார்த்துவரச் சொன்னார். வானத்தில் ஒரு மேகம் இல்லை. நம் அதிகார வரம்பு எவ்வளவு பெரியது, அதில் எங்கேயாவது மழை பெய்துகொண்டுதானே இருக்கும் என்று சொல்லிப் பாட்டிலைத் திறக்கச் சொன்னாராம்.

அதற்கான விலை

ஜெஃபர்சனுக்கு இந்தத் தீர்ப்பு தொண்டையில் மாட்டிக்கொண்டது. துப்பலாம் என்றால், வழக்கில் ஜெயித்தது அவர் தரப்பு. மீறலாம் என்றால், மீறுவதற்கு உத்தரவே இல்லை. வரம்பில்லை என்று சொன்ன பிறகு அவ்வளவு நேரம் எதற்குப் பேசினார் என்று சாகும்வரை புலம்பினார். அன்றைய பத்திரிகைகளும் அதிபருக்கு விழுந்த திட்டைப் பற்றித்தான் சண்டை போட்டன. சட்டத்தையே செல்லாததாக்கும் அதிகாரம் கையில் எடுக்கப்பட்டதை அதிகம் பேர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்படி ஒன்று இருப்பதாக ஹாமில்டன் முன்பே எழுதியிருந்தார், மாநில நீதிமன்றங்கள் சில முயன்றும் பார்த்திருந்தன. மார்ஷல் அதைக் கண்டுபிடிக்கவில்லை. யாரும் தடுக்க முடியாத நேரமாகப் பார்த்து எடுத்துவைத்துக்கொண்டார்.

எடுத்ததற்கு விலை கொடுத்தாரா? ஆறே நாளில். மார்ச் 2ஆம் தேதி ஸ்டூவர்ட் எதிர் லேர்ட் என்ற வழக்கில் தீர்ப்பு வந்தது. 16 நீதிபதிகளின் நீதிமன்றங்களை ஒழித்தது செல்லுமா, உச்ச நீதிமன்ற நீதிபதிகளை வட்டாரம் சுற்ற அனுப்பியது சரியா என்பது கேள்வி. ஆயுள் பதவி என்று அரசியலமைப்பே சொன்னவர்களை வீட்டுக்கு அனுப்பிய விவகாரம். வீரம் காட்ட வேண்டிய இடம் இதுவல்லவா? கீழ்நீதிமன்றத்தில் இதைத் தானே விசாரித்ததால் மார்ஷல் ஒதுங்கிக்கொண்டார். ஆக, ஒதுங்குவது என்றால் என்னவென்று அவருக்குத் தெரிந்தேதான் இருந்தது. பேட்டர்சன் சுருக்கமாகச் சொன்னார்: காங்கிரஸ் செய்தது சரி, வட்டாரம் சுற்றுவது வெகுநாளாக நடக்கிற வழக்கம்தான். 20 டாலர் நீதவான் வழக்கில் சிங்கம் போல் கர்ஜித்த நீதிமன்றம், ஆட்சியின் குரல்வளையைப் பிடிக்கும் வழக்கில் வாலைச் சுருட்டிக்கொண்டது. இந்த இரண்டு தீர்ப்பையும் சேர்த்துப் படிக்காதவர் ஒன்றையும் படிக்காதவர்.

வாலைச் சுருட்டியும் ஆளுங்கட்சி விடவில்லை. 1804 மார்ச் 12ஆம் தேதி, குடித்துவிட்டு மேடையேறிய, புத்தி பேதலித்த நியூஹாம்ப்ஷைர் நீதிபதி ஜான் பிக்கரிங்கை செனட் பதவி நீக்கியது. அதே நாளில் பிரதிநிதிகள் சபை, கீல்வாத சேஸ் மீது குற்றச்சாட்டுத் தீர்மானம் போட்டது. சேஸ் மேடையிலிருந்தே ஆளுங்கட்சியைத் திட்டித் தீர்ப்பவர். செய்ததெல்லாம் நியாயம் என்று அவருடைய நண்பர்கள்கூடச் சொல்லமாட்டார்கள். அடுத்த குறி மார்ஷல்தான் என்று ஊரே பேசியது.

மார்ஷலுக்குக் கை நடுங்கியது. சேசுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு யோசனை சொன்னார்: பிடிக்காத தீர்ப்புக்காக நீதிபதியையே தூக்குவதைவிட, அந்தத் தீர்ப்பைத் திருத்தும் அப்பீல் அதிகாரத்தைச் சட்டமன்றத்திடமே கொடுத்துவிடலாமே! சட்டம் என்ன சொல்கிறது என்று சொல்வது நீதிமன்றத்தின் வேலை என்று ஓட்டல் கூடத்தில் முழங்கிய அதே மனிதர். அந்தக் கடிதத்தை யாரும் தீர்ப்புத் தொகுப்பில் சேர்க்கவில்லை.

1805 பிப்ரவரியில் செனட்டில் சேஸ் மீதான விசாரணை. தலைமை தாங்கியவர் துணை அதிபர் ஆரன் பர். முந்தைய ஜூலையில் ஹாமில்டனை ஒற்றைக்கு ஒற்றைத் துப்பாக்கிச் சண்டையில் சுட்டுக் கொன்றுவிட்டு, இரண்டு மாநிலங்களின் குற்றப்பத்திரிகையோடு வந்து உட்கார்ந்திருந்தார். கொலைகாரன் நீதிபதி முன்னால் நிற்பதுதான் வழக்கம், இங்கே நீதிபதி கொலைகாரன் முன்னால் நிற்கிறார் என்று அன்றைக்கே கேலி செய்தார்கள். குற்றஞ்சாட்டும் தரப்பின் தலைவர் ஜான் ராண்டால்ஃப், அதே ராண்டால்ஃப் வம்சம்! கடைசி உரையில் குறிப்புகளைத் தொலைத்துவிட்டுத் திணறினார். 34 செனட்டர்களில் 25 பேர் ஜெஃபர்சன் கட்சி. நீக்க 23 வாக்குகள் போதும். எந்தக் குற்றச்சாட்டுக்கும் 19க்கு மேல் தேறவில்லை. தீர்ப்பு பிடிக்கவில்லை என்பதற்காக நீதிபதியைத் தூக்கினால், நாளை ஆட்சி மாறும்போது நம் நீதிபதியையும் தூக்குவார்களே என்று ஆளுங்கட்சியிலேயே சிலர் கணக்குப் போட்டார்கள்.

நீதிமன்றம் பிழைத்தது அங்கேதான். மார்ஷலின் தர்க்கம் எவ்வளவு அழகானாலும், அன்று செனட்டில் கட்சி மாறி வாக்களித்த அந்தச் சிலர் இல்லையென்றால் அது நூலகத்தில் தூசி படிந்திருக்கும். தன் எதிரியை ஒழிக்க எண்ணிக்கை இருந்தும் கையைக் கட்டிக்கொண்ட அரசியல்வாதிகளுக்கு எந்தச் சட்டக் கல்லூரியிலும் படம் மாட்டவில்லை.

மார்ஷல் 1835ல் சாகும்வரை, 34 ஆண்டு, அந்த நாற்காலியில் இருந்தார். மாநிலச் சட்டங்கள் பலவற்றைத் தள்ளினார். காங்கிரசின் சட்டத்தைச் செல்லாது என்று சொல்ல மட்டும் மறுபடி வாய் திறக்கவில்லை. எடுத்த ஆயுதத்தை உறையில் வைத்துக்கொண்டே காலம் தள்ளினார். 54 ஆண்டு கழித்து, 1857ல் டிரெட் ஸ்காட் வழக்கில், அவருக்குப் பின் வந்த ரோஜர் டானியின் நீதிமன்றம் அதை உருவியது. கறுப்பின மக்கள் குடிமக்களே ஆக முடியாது, புதிய நிலப்பகுதிகளில் அடிமைமுறையைத் தடுக்கக் காங்கிரசுக்கு அதிகாரம் இல்லை என்று தீர்ப்பு. நாட்டின் தீராத சண்டையைத் தீர்ப்பு எழுதித் தீர்த்துவிடலாம் என்று நினைத்தார் டானி. நான்கு ஆண்டில் உள்நாட்டுப் போர். அந்தத் தீர்ப்பைத் துடைக்க அரசியலமைப்பையே திருத்த வேண்டியிருந்தது. இந்த இடத்தில் சிரிக்க எதுவும் இல்லை.

மார்பரி? அவர் கடைசிவரை நீதவான் ஆகவில்லை. கீழ்நீதிமன்றத்தில் போய் வழக்குப் போடலாம் என்று தீர்ப்பே வழி காட்டியிருந்தும் போகவில்லை. இரண்டு ஆண்டு ஏற்கெனவே கரைந்திருந்தது. அவருடைய ஜார்ஜ்டவுன் வீட்டில் இன்று உக்ரைன் தூதரகம் இயங்குகிறது. உச்ச நீதிமன்றத்துக்கு நேராகப் போகும் தகுதி தூதர்களுக்கு உண்டு என்றாரே மார்ஷல். ஆள் போன பிறகு அந்த வீட்டுக்காவது அந்தத் தகுதி வந்து சேர்ந்தது.

நீதிமன்றத்தை ஜனநாயகத்தின் காவல் தெய்வம் என்று மேடைகளில் சொல்கிறோம். 1803ஆம் ஆண்டின் கதையில் தெய்வம் யாரும் தட்டுப்படவில்லை. கட்சிக்காரர்கள் இருக்கிறார்கள், பங்காளிகள் இருக்கிறார்கள், பயந்தவர்கள் இருக்கிறார்கள். படையும் பணமும் இல்லாத ஓர் அமைப்பு, தன் சொல்லை மற்றவர்கள் எவ்வளவு தூரம் கேட்பார்கள் என்று கணக்குப் போட்டு, அந்த எல்லைக்கு ஓரடி உள்ளே நின்று பேசியது. எதிரே இருந்தவர்கள், மீறிவிடலாம் என்று தெரிந்த நேரத்திலும் மீறாமல் முனகிக்கொண்டே போனார்கள். நீதிமன்றத்தின் அதிகாரம் என்பது இந்த இரண்டு தரப்பும் சேர்ந்து போட்டுக்கொண்ட வாய்மொழி ஒப்பந்தம். ஒரு தரப்பு அளவு மறந்தாலும், மறு தரப்பு பொறுமை இழந்தாலும் அது முறியும். முறிந்தால் அப்பீல் செய்ய மேல்நீதிமன்றம் கிடையாது.